பிள்ளையாருக்கு நிலக்கரிக் கண்

ருக்மிணி சென்னையில் இருந்தவரை அவள் காது சும்மா இருந்ததே இல்லை. வில்லிவாக்கத்தில் பஸ் ஏறி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், டிரங்க் கால் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும். மதுரைக்காரர் மாமனாரோடு போடும் சண்டையும், சேலத்துக்காரர் லாரியைக் காணோம் என்று போடும் கூச்சலும் அவள் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது விதி. கேட்காமல் இருக்க முடியாது என்பது நடைமுறை.

1993-இல் அவள் கணவர் பத்மநாபனுக்கு சான் ஹோசேயில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர் வேலை கிடைத்தது. மூன்று வயது மகள் தீக்ஷாவைத் தூக்கிக்கொண்டு ஃப்ரீமான்ட்டில் ஓர் அபார்ட்மென்டுக்கு வந்து சேர்ந்தாள் ருக்மிணி. அன்றோடு காது அடங்கியது. வீட்டில் போன் இருந்தது, அது அடிக்கவும் செய்தது. ஓடிப்போய் எடுத்தால், "பத்மநாபன் இருக்காரா?" என்பார்கள். இல்லை என்று சொன்னால், "சரி, அப்புறம் பண்றேன்" என்று வைத்துவிடுவார்கள். எக்ஸ்சேஞ்சிலும் அடுத்தவர் பேச்சைத்தான் அவள் இணைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அங்கே பக்கத்து சீட்டில் இருந்தவள் 'ருக்கு, டீ குடிக்கலாமா?' என்று கேட்பாள். இங்கே அவளைக் கேட்டு ஒரு போன் வரவில்லை. அது அவளுக்கு ரொம்பவே வலித்தது.

பத்மநாபன் நல்ல மனிதர். ஆனால் பயப்படுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கம்பெனி அவருக்காக கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தது. அது கைக்கு வரும்வரை அமெரிக்க அரசாங்கம் மற்ற வேலைகளையெல்லாம் ஒத்தி வைத்துவிட்டுத் தன்னையே கவனித்துக்கொண்டிருப்பதாக அவர் முழுமனதோடு நம்பினார். ஆள் இல்லாத தெருவில்கூட சிக்னலுக்குக் காத்து நிற்பார். ருக்மிணியின் விசாவில் அவள் வேலை பார்க்கக் கூடாது. பத்மநாபன் அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், அவளை ஒட்டி 'வேலை' என்ற சொல்லே வீட்டுக்குள் வரக் கூடாது என்று வைத்துவிட்டார். "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று அவள் போனில் அம்மாவிடம் சொன்னால்கூட, "ஷ்ஷ், போன்ல அந்த வார்த்தை வேணாம் ருக்கு" என்று கையை ஆட்டுவார்.

முதல் வருஷம் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. மௌரி அவென்யூ இந்தியக் கடையில் வெல்லம் கிடைத்தது, அரிசி மாவு கிடைத்தது, பித்தளைப் பிள்ளையார்கூடக் கிடைத்தார். களிமண் பிள்ளையார் மட்டும் கிடைக்கவில்லை. பூஜை முடிந்தால் நீரில் கரைய வேண்டியவர் பித்தளையில் உட்கார்ந்திருந்தால் எப்படி? குழந்தைகள் விளையாடும் கலர் மாவை வாங்கி, நீலத்தில் ஒரு பிள்ளையாரைப் பிடித்து வைத்தாள். பக்கெட் தண்ணீரில் போட்டதும் அவர் கரையவில்லை. ஒரு வாரம் வரை மிதந்துகொண்டு சிரித்தார்.

அடுத்த வருஷம் சதுர்த்திக்கு முன்னால், வளைகுடா ஓரம் நடக்கப் போன ஒரு காலையில் அவள் அந்த உப்பங்கழியைப் பார்த்தாள். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் பழைய வாய்க்கால் அது. பாதிக்கு மேல் தூர்ந்து போயிருந்தது. ஓரத்தில் பிசுபிசுவென்று சாம்பல் நிறச் சேறு. ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தாள். கொழுக்கட்டை மாவு பதத்துக்கு உருண்டது. பக்கத்தில் ஒரு போர்டு இருந்தது. நாயை அவிழ்த்து விடாதீர்கள் என்று அதில் பெரிதாக எழுதியிருந்தது. தன்னிடம் நாய் இல்லாததால் அதற்கு மேல் அவள் படிக்கவில்லை.

வீட்டில் சேற்றைப் பிசையும்போது விரலில் ஏதோ கரகரவென்று நெருடியது. கழுவிப் பார்த்தால் கறுப்பாக, மிளகைவிடச் சற்றுப் பெரிதாகக் கல் துணுக்குகள். ஊரில் பிள்ளையாருக்குக் குன்றிமணியில் கண் வைப்பார்கள். அமெரிக்காவுக்குள் விதை கொண்டுவரக் கூடாது என்று பத்மநாபன் விமானம் ஏறும்போதே பெட்டியைச் சோதித்துவிட்டார். அதனால் அந்தக் கறுப்புத் துணுக்குகளிலேயே இரண்டை எடுத்துத் தேங்காயெண்ணெய் தடவி முகத்தில் அழுத்தினாள். பிள்ளையார் பளிச்சென்று அவளைப் பார்த்தார். ஒரு கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்தாலும் பார்வையில் குறை சொல்ல முடியாது. அருகம்புல்லுக்கு அவள் அலையவே வேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டு அமெரிக்கர் அதை ஒழிக்க மருந்தடித்துக்கொண்டிருந்தார். இவள் கேட்டதும் பாதித் தோட்டத்தையே பிடுங்கிக் கொடுத்தார்.

கொலு வைத்தால்தான் நாலு பேர் வருவார்கள் என்று எண்ணியிருந்தாள். பிள்ளையாரைப் பார்க்கவே வந்தார்கள். வந்தவர்களில் ஜலஜா என்று ஒரு பெண், சான் ஹோசேயில் இருப்பவள், கையோடு கேட்டுவிட்டாள்.

"அக்கா, அடுத்த வருஷம் எங்களுக்கு ஒண்ணு பண்ணித் தருவீங்களா? இதே கண்ணோட?"

அதிலிருந்து ஆரம்பித்தது. அடுத்த வருஷம் பத்து வீடு, அதற்கடுத்த வருஷம் இருபதுக்கு மேல். ஆகஸ்ட் பிறந்தால் போன் அடிக்கும். "ருக்மிணி அக்கா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். பத்மநாபன் ரிசீவரை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் காசு வாங்கமாட்டாள். ஒரு ஜாக்கெட் துணியை வாங்கிக்கொண்டாலும் அது வருமானம் என்று வீட்டில் ரகளை ஆகும். அவளுக்குக் காசு வேண்டவும் வேண்டாம். வருஷத்தில் ஒரு மாதம் போன் தன்னைக் கேட்டு அடித்தால் போதும். பூஜை முடிந்து எல்லோரும் பிள்ளையாரைப் பக்கெட்டில் கரைப்பார்கள். அடியில் தங்கும் கண்களை மட்டும் பொறுக்கித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ருக்மிணி போட்ட ஒரே நிபந்தனை. அவற்றைக் காலி ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வைத்தாள்.

1997-இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் மாட்டிக்கொண்டாள்.

முழங்கால் வரை சல்வாரைச் சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் பக்கெட்டும் மறு கையில் சிறு மண்வெட்டியுமாக அவள் கழியில் நின்றபோது, பின்னால் ஒரு குரல் கேட்டது. காக்கிச் சட்டை, தொப்பி, இடுப்பில் வாக்கிடாக்கி. கெய்ல் என்ற அந்தப் பெண்தான் சதுப்பு நிலப் பாதுகாப்பகத்தின் ரேஞ்சர். இனி அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். நம் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன்.

"இது அரசாங்கத்தின் பாதுகாக்கப்பட்ட நிலம். இங்கே மண் எடுக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"நாய் வரக் கூடாதுன்னுதான் தெரியும்" என்றாள் ருக்மிணி உண்மையாக.

"இந்தச் சேற்றை ஒட்டிய செடிகளுக்குள் ஒரு சுண்டெலி வாழ்கிறது. உலகத்திலேயே இந்த வளைகுடாவைச் சுற்றி மட்டும்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு சட்டமும்."

ருக்மிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்தது. பிள்ளையாரின் வாகனமே எலி. அவருக்கு மண் எடுக்க வந்த இடத்தில் அவர் வண்டியே குறுக்கே வந்து நின்றால் சிரிக்காமல் என்ன செய்வது? சட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று ரேஞ்சருக்கு முகம் இறுகிப்போனது. பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். பக்கெட்டிலிருந்த மண்ணைத் திரும்பக் கொட்டச் சொன்னார். கொட்டும்போது சேற்றோடு விழுந்த ஒரு கறுப்புத் துணுக்கைக் குனிந்து எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டார்.

"நாங்கள் கூப்பிடுவோம்" என்றார்.

பத்மநாபனிடம் மறைத்திருக்கலாம். ஆனால் தீக்ஷா அன்று கோடை விடுமுறையில் அம்மாவோடு கரையில் நின்றிருந்தாள். ஏழு வயசு. அப்பா உள்ளே நுழைந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"டாடி, எ ரேஞ்சர் காட் அம்மா!"

ரேஞ்சர் பிடித்தார் என்றதும் பத்மநாபன் அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். அடுத்த மாதம் கிரீன் கார்டு நேர்காணல். நண்பர் சிவராமகிருஷ்ணனுக்கு போன் போட்டார். தனக்குக் கார்டு கிடைத்துவிட்ட ஒரே தகுதியில் ஊருக்கெல்லாம் குடியேற்றச் சட்டம் சொல்பவர் அவர்.

"பெடரல் லேண்டா? போச்சு" என்றார் சிவராமகிருஷ்ணன். "ரெக்கார்ட் ஆயிடுச்சுன்னா இன்டர்வியூல கேப்பான். எதையும் ஒத்துக்காதே. பேசாம டெக்சாஸ்ல ஆலன்ல வேலை பாரு. அங்க கடலும் இல்ல, சேறும் இல்ல."

போனை வைத்துவிட்டு வந்து பத்மநாபன் தீர்ப்புச் சொன்னார். "இந்த வருஷம் பிள்ளையார் கிடையாது. எல்லாருக்கும் போன் பண்ணி இல்லன்னு சொல்லிடு."

"இத்தனை பேர்கிட்ட ஒத்துக்கிட்டேனே. இப்ப இல்லன்னு எப்படிங்க சொல்றது?"

"கிரீன் கார்டு வந்தப்புறம் பிள்ளையார் என்ன, அறுபத்துமூவரே பண்ணு. இப்ப வேணாம்."

இத்தனை போனும் அவள்தான் போட வேண்டும். எல்லாம் இல்லை என்று சொல்வதற்கு. ருக்மிணி ரிசீவரை எடுத்தாள், வைத்தாள். அடுத்த ஆகஸ்டில் யாரும் கேட்கமாட்டார்கள். இந்த வீட்டில் போன் மறுபடியும் பத்மநாபனைக் கேட்டே அடிக்கும். கிரீன் கார்டு போய்விடும் என்று அவர் பயந்தார். அவளோ அந்த ஒரு மாதம் போய்விடும் என்று பயந்தாள். அழுகைகூட வந்தது. தீக்ஷா பார்த்துவிடக் கூடாது என்று வெங்காயம் நறுக்கினாள்.

அவள் ஒருவருக்கும் போன் போடுவதற்குள் கெய்ல் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் காலை அலுவலகத்துக்கு வர முடியுமா என்று கேட்டார்.

பத்மநாபன் லீவு போட்டார். நேர்காணலுக்காக வாங்கி வைத்திருந்த சூட்டை மாட்டிக்கொண்டார். பாஸ்போர்ட், வரி கட்டிய ரசீது, கல்யாணப் பத்திரிகையின் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் அடங்கிய பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ருக்மிணி ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை குறையும் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

அலுவலகத்தில் நீள மேஜை மேல் ஒரு பழைய வரைபடம் விரித்திருந்தது. அதன் நடுவில் அந்தக் கறுப்புத் துணுக்கு.

"இதை எங்கே எடுத்தீர்கள் என்று..." என்று கெய்ல் தொடங்குவதற்குள் பத்மநாபன் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், மை வைஃப் ஹாஸ் நெவர் டச்ட் மட் இன் ஹர் லைஃப்."

கெய்ல் ருக்மிணியின் ஷூவைப் பார்த்தார். அதில் நேற்று முன்தினச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. பிறகு பத்மநாபனை உட்காரச் சொல்லிவிட்டு வரைபடத்தில் விரல் வைத்தார்.

வடகிழக்கே டியாப்லோ மலை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அதன் சரிவில் நிலக்கரி கண்டுபிடித்தார்கள். மலையைக் குடைந்தார்கள், பின்பு ஊர்கள் முளைத்தன. தோண்டிய கரி சின்ன ரயிலில் ஆற்றங்கரைக்கு இறங்கும். அங்கிருந்து தட்டை அடிப் பாய்மரப் படகுகளில் ஏறும். ஆற்றோடு வந்து, ஜலசந்தியைத் தாண்டி, வளைகுடாவுக்குள் நுழைந்து, அலை ஏறும் நேரம் பார்த்து இந்தக் கழி வழியாக உள்ளே வரும். இங்கே ஒரு படகுத்துறை இருந்தது. கரியை இறக்கிவிட்டு உப்பையும் கோதுமையையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பின்னால் வேறு ஊர்களிலிருந்து நல்ல கரி வந்தது. சுரங்கம் மூடிப்போனது, ரயில் வந்ததும் கழி தூர்ந்தது. துறை எங்கே இருந்தது என்பதே மறந்துபோனது.

"அடுத்த வாரம் மெஷின் வருகிறது" என்றார் கெய்ல். "கழியைத் தூர் வாரி மறுபடியும் கடலைப் பழையபடி உள்ளே விடப் போகிறோம். சேற்றுக்கு அடியில் அந்தத் துறையின் கட்டைகள் இருக்கலாம். இடம் தெரிந்தால் அதை ஒதுக்கிவிட்டுத் தோண்டுவோம். தெரியாவிட்டால் மெஷின் அதைத் தூள் பண்ணிவிடும். இந்தக் கரி விழுந்த இடம்தான் துறை. அதனால்தான் கேட்கிறேன்."

பத்மநாபன் மேஜைக்கு அடியில் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினார். அதன் அர்த்தம் ருக்மிணிக்கு நன்றாகவே தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் விஷயம் இதோடு போய்விடும். அவர் சொன்ன பொய்க்கும் பங்கம் வராது. திறந்தால், ஒரு பக்கெட் இல்லை, மூன்று வருஷமாக எடுத்தாள் என்று ஆகிவிடும். ஆனால் இந்த ஊருக்கு வந்து நாலு வருஷத்தில், யாரும் அவளிடம் ஒரு தெருவுக்கு வழிகூடக் கேட்டதில்லை. இப்போது ஒரு அரசாங்கமே கேட்கிறது. பதிலோ அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு பையைத் திறந்தாள். ஊறுகாய் பாட்டிலை வரைபடத்தின் மேல் கவிழ்த்தாள். கரித் துணுக்குகள் எண்ணெய் மினுமினுப்போடு உருண்டு ஓடின.

"எல்லாம் ஒரே இடம்" என்றாள். "நான் காட்டறேன், வாங்க."

கெய்ல் ஒரு துணுக்கை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "இவை ஏன் எண்ணெயாக இருக்கின்றன?" என்று கேட்டார். ருக்மிணி எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளையார், கண், கரைப்பது, எலி வாகனம், அன்றைக்குச் சிரித்தது. எலி விஷயத்தைக் கேட்டு இந்த முறை கெய்லும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்படியானால் எலி வீட்டை இடித்துத் தன்னை உருவாக்கினால் உங்கள் சாமிக்கே பிடிக்காதே?" என்றார்.

ருக்மிணி யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

மூன்று பேரும் கழிக்குப் போனார்கள். ருக்மிணி முன்னால் நடந்தாள். இரண்டு வளைவு தாண்டி, மின்கம்பத்துக்கு நேராக இறங்கி, "இங்கதான்" என்றாள். கெய்ல் நீளமான இரும்புக் கம்பியைச் சேற்றில் இறக்கினார். வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. கொஞ்சம் தள்ளி இறக்கினார், மறுபடியும் போனது. பத்மநாபனுக்கு ஒரு நிம்மதிகூட வந்திருக்கும். மூன்றாவது தடவை 'டொக்' என்று தட்டியது. ஒரு கை தூரம் தள்ளி இன்னொரு 'டொக்'. கட்டைகள் வரிசையாக நின்றிருந்தன. கெய்ல் கத்திய கத்தலில் கொக்குகள் எல்லாம் பறந்துபோயின. எட்டிப் பார்க்கப் போன பத்மநாபன் சூட்டோடு சேற்றில் உட்கார்ந்தார். ஆவணப் பையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அபராதம் எதுவும் இல்லை, இனிமேல் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார் கெய்ல். மெஷின் வாரிய சேற்றைக் கரையில் மலையாகக் கொட்டினார்கள். அதில் எலி இல்லை என்பதால் ருக்மிணி எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கரியை மட்டும் தர முடியாது, அது இப்போது சரித்திரம், கண்ணாடிப் பெட்டிக்குள் போகப் போகிறது. ருக்மிணி விடவில்லை. பேரம் பேசினாள். கடைசியில் தன் வீட்டுப் பிள்ளையாருக்கு மட்டும் இரண்டு துணுக்குக் கடனாகக் கிடைத்தது. மற்றப் பிள்ளையார்கள் எல்லாம் அந்த வருஷம் மிளகுக் கண்ணால் பார்த்தார்கள். கரைக்கும் அன்று கெய்லே நேரில் வந்து, கொழுக்கட்டை தின்றுவிட்டு, பக்கெட்டுக்குள் கையை விட்டு அரசாங்கத்தின் கண்களை எடுத்துக்கொண்டு போனார்.

நேர்காணல் வந்தது. அதிகாரி சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்மநாபன்தான் பயத்தில் தானாகவே சொல்லிவிடப் பார்த்தார். ருக்மிணி மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள்.

அந்தக் கண்கள் எங்கிருந்து வந்தனவோ அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் டியாப்லோ மலைச் சரிவுக்குக் கார் ஓட்டிப் போனார்கள். ஊர்களே இல்லை. புல் மேடும், கறுத்த குப்பை மண்ணும், மேட்டு மேல் ஒரு கல்லறைத் தோட்டமும் இருந்தன. கரி ஓடிய பாறை இடுக்கு அவள் நினைத்ததைவிட மிகவும் குறுகலாக இருந்தது. அதற்குள் படுத்துக்கொண்டே வெட்டியிருக்கிறார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்ததிலா நான் பிள்ளையாருக்குக் கண் வைத்து விளையாடினேன் என்று அவளுக்கு மனசு கனத்தது. தீக்ஷா, "கேன் வி ஈட் நவ்?" என்று கேட்டதும் புளியோதரையைப் பிரித்தாள்.

வசந்த காலத்திலிருந்து கெய்ல் அவளைச் சனிக்கிழமைகளில் கழிக்கு வரச் சொன்னார். பள்ளிக் குழந்தைகளும் அவர்கள் பெற்றோரும் வருவார்கள். ருக்மிணி தொப்பி போட்டுக்கொண்டு, கட்டைகளைக் காட்டி, கரி வந்த வழியை மலையிலிருந்து தொடங்கிச் சொல்லுவாள். டிரங்க் கால் குரல் அது, மைக் தேவைப்படவில்லை. சம்பளம் கிடையாது. அதனால் பத்மநாபனால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் அதைச் 'சும்மா போறது' என்றே வீட்டில் குறிப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

அப்படி அவள் சும்மா போயிருந்த ஒரு சனிக்கிழமை தபால் வந்தது. பத்மநாபன் கவரைப் பிரித்தார். மூன்று கார்டுகள். அவருடையது, தீக்ஷாவுடையது, ருக்மிணியுடையது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தீக்ஷா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"ருக்மிணி அக்கா இருக்காங்களா?" ஜலஜாவின் குரல். சதுர்த்திக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

"இல்லம்மா" என்றார் பத்மநாபன். "ருக்கு வேலைக்குப் போயிருக்கா."

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன், நம்பர் சொல்லுங்கள் என்று கேட்டு, கிரீன் கார்டு வந்த கவரைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் எழுதிக்கொண்டார்.